கறுப்பு வெள்ளையில் ஓர் ஐந்தாம் நம்பர்

சாமி, உங்கள் இருவரையும் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. தைக்க வேண்டிய ஜாக்கெட் துணியெல்லாம் மெஷின் மேல் குவிந்து கிடக்கிறது, கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உன் கல்யாணத்தன்று பந்தியில் நடந்ததைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சீர் இருந்தது, விருந்தாளிகள் இருந்தார்கள், நேரமில்லை என்று சாக்குச் சொல்லலாம். நிஜம் அதுவல்ல. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் வாயாடி என்று பேரெடுத்தவளுக்கு அன்றைக்கு வாய் அடைத்துப்போயிற்று. எழுத உட்கார்ந்தால் வரும் என்று நினைக்கிறேன். நான் சுற்றி வளைத்துத்தான் வருவேன், உனக்குத் தெரியும். பொறுமையாகப் படி.

நான் துணி தைத்துப் பிழைப்பவள். பார்க்கிறவர் கண்ணில் ஆள் எப்படி விழுகிறான் என்பதுதான் என் தொழில். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது உங்கப்பா பட்ட ஒரு அவமானம். நீ அப்போது அரை டிராயர் போட்டுத் திரிந்தாய். உங்கப்பா போர்வெல் லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் ஆந்திரா, மகாராஷ்டிரா என்று சுற்றிவிட்டு மாசக்கணக்கில் கழித்துத்தான் திரும்பும். அப்படித் திரும்பிய ஒரு நாள், சொந்தத்தில் ஒரு கல்யாணம். குளிக்க நேரமில்லாமல் லாரியிலிருந்து நேராகப் பந்தலுக்குப் போய்விட்டார். தலை முதல் கால் வரை பாறைத் தூள். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அடையாளம் தெரியவில்லை. "பந்தல் போட்ட ஆளுங்களுக்கெல்லாம் பின்னாடி எல போட்டிருக்குது, அங்க போயிருங்க" என்று சொல்லிவிட்டார். இவரும் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அழுதது நான்தான்.

அடுத்த கல்யாணத்துக்கு நான் விடவில்லை. அப்போதுதான் பெல்பாட்டம் வந்திருந்தது. காலடியில் ஒரு சின்னப் பாவாடையே விரியும் அளவுக்கு ஒரு பேண்ட், நாய்க்காது காலர் வைத்து ஒரு சட்டை, இரண்டையும் தைத்து மாட்டிவிட்டேன். பந்தலுக்குள் நுழைந்ததும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். "ஏனுங்க, பம்பாய்ல இருந்து வந்த எஞ்சினீயருங்களா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். முன்வரிசையில் பாய் போட்டு உட்காரச் சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை. இடுப்பில் இறுக்கிப் பிடித்த பேண்டில் மனுஷனால் சம்மணம் போட முடியவில்லை. ஒரு முட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "பந்தல் ஆளுங்களோட உக்காந்தன்னைக்கு வயிறு நெறஞ்சுது. இன்னைக்கு உன் பேண்டுதான் நெறஞ்சுது, நான் பட்டினி" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் எழுந்து நின்ற அந்த ஆட்களை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து உன் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கரி போட்டு இஸ்திரி போடாமல் உன்னை வெளியே அனுப்பியதில்லை.

அதனால்தான் உங்கள் வாலிபால் டீமுக்கு டெல்லிப் போட்டி கிடைத்தபோது, பனியன் துணி எடுத்து ஆட்டச்சட்டை தைக்கும் வேலையை நான் வலிய வாங்கிக்கொண்டேன். கிராமத்து அணிகளுக்கான போட்டி, டெல்லியில் நடக்கிறது, டீவியில் காட்டப்போகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல குங்குமச் சிவப்பாகப் பார்த்து எடுத்தேன். தோளில் வெள்ளைப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லி நீ கேட்டாய். "பட்டை வெச்சா பேண்டு செட்டுல வாசிக்கப் போறவனுங்க மாதிரி இருப்பீங்கடா" என்று நான் மறுத்துவிட்டேன். முதுகில் எண் மட்டும் வெள்ளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தேன். உனக்கு ஐந்து. போட்டுக்கொண்டு முற்றத்தில் நீங்கள் வரிசையாக நின்றபோது ஆட்டம் முடிந்து கப்பே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் மோகனூரிலிருந்து பூங்கொடி ஜாதகம் வந்து பொருந்தியிருந்தது. அவள் அப்பா காவிரிக் கரையில் கரும்புக் காடு வைத்திருப்பவர், வார்த்தை அளந்து பேசுகிறவர். நம் வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தார், பேசினார், பிடித்துப்போயிற்று. நீ டெல்லியிலிருந்து வந்ததும் உறுதி வார்த்தை வைத்து நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்டத்தை அவர்கள் வீட்டு டீவியில் பார்க்கப்போவதாகவும், சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருப்பதாகவும் தரகர் வந்து சொன்னார். மாப்பிள்ளையைக் காட்ட அதைவிட நல்ல வழி ஏது என்று நானும் பூரித்துப்போனேன்.

இங்கே நாங்கள் அரிசி மில்காரர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தோம். மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தார், கீழேயிருந்து நாங்கள் "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று கத்திக்கொண்டே இருந்தோம். படம் ஒரு வழியாக நின்றபோது எனக்குப் பகீரென்றது. சிவப்பைக் காணோம். எதிர் டீம் கேரளாக்காரர்கள், பாலக்காட்டுப் பக்கம். வலையின் இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, முதுகில் வெள்ளை எண். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் நிறம் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் சிவப்பு என்றால் என்னமோ ஒரு தனிச் சாம்பலாகத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். டீவியில் பேசுகிறவனோ இங்கிலீஷில் பொரிந்துகொண்டிருந்தான். எது நம்ம பக்கம் என்று தெரியாமல், யார் அடித்தாலும் கை தட்டினோம்.

ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில்தான் அது நடந்தது. ஐந்தாம் நம்பர் போட்ட ஒரு பையன், நடுவர் உட்கார்ந்திருந்த உயரமான மேடையிடம் பாய்ந்து போனான். கையை ஓங்கினான். மேடைக் காலைப் பிடித்து உலுக்கினான். நாலு பேர் வந்து பிடித்து இழுத்தார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கையை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அதுவும் மெதுவாக. அத்தனை மெதுவாகக் காட்டினால் சாமி கும்பிடத் தூக்கிய கைகூட அடிக்க ஓங்கிய கை மாதிரிதான் தெரியும். முகம் எங்கும் புள்ளி புள்ளியாக இருந்தது. ஐந்து என்ற எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நான் தைத்த எண் என்றே நம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். ஜெயித்தது நாம்தான் என்று கடைசியில் எழுத்துப் போட்டபோது யாரும் கை தட்டவில்லை.

நீ ஊர் வந்து சேரும் முன்னமே தரகர் வந்துவிட்டார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. "அவுங்க வேண்டாங்கறாங்க அம்மிணி. ஊரே பாக்க நடுவர் மேல கை ஓங்கறவன், நாளைக்கு ஊட்டுல எம்புள்ள மேல ஓங்க மாட்டான்னு என்ன நிச்சயம்னு கேக்கறாரு. அந்தக் கேள்விக்கு நான் என்னத்தைங்க சொல்றது? போச்சாது உடுங்க, வேற எடம் பாக்கலாம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவர் வேறு எப்படி நினைப்பார்? நானே அப்படித்தானே நினைத்தேன்.

கப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "ஊரே பாக்கக் கை ஓங்கிப்போட்டியேடா" என்றேன். நீ முழித்தாய். "நானா? அது பச்சைச் சட்டைக்காரன்மா. அவனும் அஞ்சாம் நம்பரு. சசின்னு பேரு" என்றாய். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே மோகனூருக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று குதித்தேன். நீ மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய், "அம்மா, அவன் அடிச்ச பந்து என் வெரல்ல பட்டுத்தான் வெளிய போச்சு. பாயிண்ட் அவங்களுக்கு வரணும். நடுவர் பாக்கல, நமக்குக் குடுத்துட்டாரு. பட்டுதான்னு அவன் எங்கிட்டயே கேட்டான். நான் கீழ பாத்துக்கிட்டேன். அதுக்கப்புறந்தான் அவன் அங்க ஓடுனான்." அவனை ஒரு வருஷம் ஆடக்கூடாது என்று விலக்கிவிட்டார்கள் என்றும், வேலைக்கு இந்த ஆட்டத்தைத்தான் நம்பியிருந்தான் என்றும் சொன்னாய். "அவன் பேரச் சொல்லி என்னைக் கழுவிக்க வேண்டாம்மா. இந்தச் சம்பந்தம் போனாப் போகட்டும்" என்று கெஞ்சினாய்.

நான் கேட்டேனா? நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த போட்டோ ஸ்டுடியோ ஒன்றுக்குப் போனேன். கையில் உன் சட்டையில் மிஞ்சிய சிவப்புத் துண்டு, ஜவுளிக் கடையில் வாங்கிய பச்சைத் துண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுக் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர், "ஏனுங்க, துணிக்குக் கல்யாணமுங்களா?" என்று கிண்டல் பண்ணினார். படத்தைக் கழுவிக் கொடுத்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. எது எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உங்கப்பா லாரியோடு மகாராஷ்டிரா போயிருந்ததால், அதை எடுத்துக்கொண்டு நானே மோகனூர் பஸ் ஏறினேன். உன் மாமனார் மரியாதையாக உட்காரச் சொன்னார், ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. துணி இரண்டையும் அவர் மடியில் வைத்தேன், படத்தை மேலே வைத்தேன். "கை ஓங்குனது எம்பையன் இல்லீங்க. கேரளாப் பையன். அவன் போட்டிருந்தது பச்சை" என்றேன். அவர் துணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "தப்புப் பண்ணிப்போட்டனுங்க அம்மிணி. ஒரு வார்த்தை ஆளனுப்பிக் கேட்டிருக்கோணும்" என்றார். அத்தனை பெரிய மனுஷன் இறங்கி வந்து அப்படிச் சொன்னபோது எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்போது கதவோரம் நின்றிருந்த பூங்கொடி கேட்டாள், "அந்தப் பச்சைச் சட்டைக்காரரு எதுக்குங்க அப்படிப் பண்ணினாரு?" அத்தனை பேர் பார்த்த படத்தில் அத்தனை பேருக்கும் தோன்றாத கேள்வி அது. எனக்கும் தோன்றவில்லை, நீ சொல்லித்தானே தெரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "அது எனக்குத் தெரியாது கண்ணு. அவனுக்குக் கொஞ்சம் முன்கோபம் போலிருக்குது" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். உன் மாமனார் அந்தப் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆட்டம் பார்த்த சொந்தக்காரர் ஒருவர் விடாமல் வீடு வீடாகப் போய்க் காட்டினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை பேரில் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டு வருகிறாராம். துடைத்ததை எங்கே தேய்த்தோம் என்று நான் யோசிக்கவில்லை. உறுதி வார்த்தை வைத்தாகிவிட்டது, எனக்கு அது போதுமாக இருந்தது.

சசிக்கு நீ பத்திரிகை அனுப்பியது எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று பந்தியில், ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் பொரியல் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா போதும் என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பூங்கொடியின் பெரியப்பா அவனை உற்றுப் பார்த்தார். "தம்பி பாலக்காடுங்களா? வாலிபால் ஆடற தம்பியா?" என்று ஆரம்பித்தார். அவன் ஆமாம் என்றான். "அப்ப நீதானா அந்த நடுவரை அடிக்கப் போன ஆளு? உன்னாலதானப்பா எங்க புள்ள கல்யாணமே நின்னுபோகப் பாத்துது" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம், கல்யாண வீட்டுக் கேலி. இலைகளிலிருந்து தலைகள் திரும்பின. அந்தப் பையன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டான். அவன் முகத்தை நான் முதல் தடவையாகப் புள்ளியில்லாமல் பார்த்தேன். உன் வயசுப் பையன். எல்லாம் தெரிந்தவள் அந்தப் பந்தியில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றேன்.

நீ மாலையோடு விருந்தாளிகளைக் கவனிக்க வந்திருந்தாய். எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாய், நான் பார்க்கவில்லை. "பெரியப்பா, கை ஓங்குனது அவரு. ஓங்க வெச்சது நானுங்க" என்று உன் குரல் கேட்டது. "பந்து என் கையில பட்டுது. பட்டது தெரிஞ்சே நான் பேசாம இருந்துட்டேன். அவரு சொன்னதுதான் நெசம். அவருக்கு வர வேண்டிய கப்பு எங்க ஊட்டுல இருக்குது." ஒரு மூச்சில் சொல்லிவிட்டாய். தாலி கட்டி இன்னும் சந்தனம் காயவில்லை. பெண் வீட்டுச் சனம் மொத்தமும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அய்யோ, இப்படியா போட்டு உடைப்பான் என்று நினைத்தேன். பூங்கொடியைத் தேடினேன். அவள் உன் பக்கத்தில் நின்றிருந்தாள், முகத்தில் திகைப்பே இல்லை. நீ அவளிடம் முன்னமே சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உன் மாமனார் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து மெல்ல நடந்து வந்தார். உன்னையும் என்னையும் தாண்டினார். சசிக்கு முன்னால் போய் நின்று, "தம்பி, உங்களைப் பத்தி நாலு ஊடு ஏறித் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. மறுக்கா நாலு ஊடு ஏறோணும். ஏறறேன்" என்றார். பிறகு பரிமாறுகிறவரைத் திரும்பிப் பார்த்து, "இந்தத் தம்பி பக்கத்துல ரெண்டு எல போடுங்க. மாப்ளையும் நானும் இங்கயே உக்காந்துக்கறோம்" என்றார். நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தீர்கள். பெரியப்பா தன் இலையில் தொடாமல் வைத்திருந்த லட்டை எடுத்து எட்டி அவன் இலையில் வைத்தார். நான் பொரியல் வைத்தேன். இலைக்கு வெளியிலும் கொஞ்சம் விழுந்தது.

சாமி, பார்க்கிறவர் கண்ணுக்கு உன்னை எப்படிக் காட்டுவது என்பதே என் கவலையாக இருந்தது. அது தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். கோயமுத்தூர் மில்லில் வேலைக்கும் ஆட்டத்துக்கும் சேர்ந்திருக்கிறாய், இஸ்திரி போட்ட சட்டையோடு போ, தலையை ஒழுங்காகச் சீவு. அங்கேயும் காமிரா வரும், பேப்பரில் படம் வரும். ஊர் ஒரு கணம் பார்த்துவிட்டு உன்னை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ முடிவு கட்டும். அதற்காக யாரையும் கோபித்துக்கொள்ளாதே, பெற்றவளே அப்படி முடிவு கட்டியவள்தான். ஆனால் இன்னொருத்தனை அப்படிக் காட்டும்போது, பூங்கொடி கதவோரம் நின்று கேட்டாளே, அதைக் கேள். அன்றைக்கு நீ பந்தியில் நின்றபோது எனக்கு வந்தது பெருமையா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். உன்னை நினைத்தால் பெருமை, என்னை நினைத்தால் வெட்கம்.

இதை நீ படித்ததும் பூங்கொடி கையில் கொடு. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏறும்போதுகூட என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சிரித்த முகமாகத்தான் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கேட்டபோது எனக்குத் தெரிந்திருந்தது. நிஜத்தைச் சொன்னால் அவள் நம் வீட்டுக்கு வரமாட்டாளோ என்று பயந்து தெரியாது என்றேன். நிஜம் தெரிந்துதான் அவள் வந்திருக்கிறாள்.